கேள்வி பதில்: லயத்துக்குள் வராத நாடகம்

போன இதழில் மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நாலே வரியில் பதில் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் கொஞ்சநஞ்சமல்ல. குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, கம்பம், கொழிஞ்சாம்பாறை என்று எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டிலிருந்தும் வந்து குவிந்திருக்கின்றன. அதனால் இந்தத் தடவை நடிகைகளின் கல்யாணக் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு, பாசி மட்டும். கல்யாணக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் கவனிக்கிறேன்.

எங்கள் பாட்டிக்கு ‘துலாபாரம்’ படம் என்றால் உயிர். டிவியில் போட்டால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் பார்க்கும். அதை எழுதியவர்தான் நீங்கள் சொன்ன பாசி என்று இப்போதுதான் தெரிந்தது. அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
— வாசகி, வண்டிப்பெரியாறு

பாட்டியை அழ வைத்தவர் அவரேதான் தங்கச்சி. 1924-ல் ஆலப்புழைப் பக்கம் வள்ளிகுன்னத்தில் பிறந்தவர். படித்தது ஆயுர்வேதம். ஆனால் நாடி பிடித்துப் பார்த்ததைவிட விவசாயக் கூலிகளைச் சேர்த்துச் சங்கம் கட்டியதுதான் அதிகம். 1949 கடைசி நாள் இரவில் சூரநாட்டில் ஒரு சம்பவம். ஒரு குளத்தில் மீன் பிடிக்கிற உரிமை யாருக்கு என்பதில் ஆரம்பித்த தகராறு போலீஸ்காரர்கள் சாவதில் போய் முடிந்தது. மறுநாளே கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. வழக்கில் பாசியின் பெயரும் சேர, மனுஷன் தலைமறைவு. வீடு வீடாக மாறி ஒளிந்திருந்த அந்த நாட்களில், சோமன் என்ற பொய்ப்பெயரில் எழுதியதுதான் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’, அதாவது ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கிவிட்டீர்கள்’. 1952 டிசம்பர் 6-ஆம் தேதி கொல்லத்துக்குப் பக்கத்தில் சவறையில் முதல் தடவை மேடை ஏறியது. போட்டது கே.பி.ஏ.சி. (கேரள பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப்) என்ற நாடகக் குழு. ‘அலைபாயுதே’ படத்தில் ஷாலினிக்கு அம்மாவாக வந்த கே.பி.ஏ.சி. லலிதாவின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதே குழுதான்.

அப்புறம் வரிசையாக நாடகங்கள். ‘சர்வேக்கல்லு’, ‘முடியனாய புத்ரன்’, ‘மூலதனம்’, ‘அஸ்வமேதம்’, ‘துலாபாரம்’, ‘கூட்டுகுடும்பம்’. பலதும் பிற்பாடு சினிமா ஆயின. நடுவில் 1957-ல் சட்டமன்றத்துக்கும் போனார். 1992 டிசம்பரில் காலமானார். தலைமறைவுக் காலத்தை ‘ஒளிவிலே ஓர்மகள்’ என்று ஒரு புத்தகமாகவும் எழுதி வைத்திருக்கிறார். மலையாளம் படிக்கத் தெரிந்த யாராவது வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் எனக்கு ‘துலாபாரம்’ ஒரு படி கீழேதான். வசதியாக இருந்த விஜயா சொத்தை இழந்து, தொழிலாளியைக் கட்டிக்கொண்டு, போராட்டத்தில் அவனையும் பறிகொடுத்து, சோறு போட வழியில்லாமல் மூன்று குழந்தைகளுக்கும் விஷம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் பிழைத்துக் கோர்ட்டில் நிற்கிறாள். குற்றவாளி அவளா, நாமா என்பது கேள்வி. கேள்வி சரிதான், ஆனால் அது வந்து சேருவதற்குள் நாம் அழுது தீர்த்து வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிடுகிறோம். அழுதால் மனசு லேசாகிவிடும் இல்லையா, அங்கேதான் கோபமும் கரைந்து போகிறது. ‘அஸ்வமேதம்’ அப்படி இல்லை. தொழுநோய் வந்த சரோஜத்துக்கு மருந்தில் நோய் சுத்தமாகக் குணமாகிவிடும். குணமான பிறகுதான் வீட்டுக் கதவு சாத்தப்படும். மருத்துவமனைக்கே திரும்பிப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. பாசியின் ஊருக்குப் பக்கத்தில்தான் நூறநாடு தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது, அதனால் அந்த நாடகத்தில் இரக்கத்தைவிட விவரம் அதிகம்.

கொடி பிடிக்கிற நாடகமெல்லாம் நாடகமா சார்? பிரச்சாரம் வேறு, கலை வேறு. கட்சிக்காரர்கள் கைதட்டினால் போதுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குமுளி

பாதி ஒத்துக்கொள்கிறேன் ஐயா. கெட்ட பண்ணையார், நல்ல தொழிலாளி, கடைசியில் ஒரு பாட்டு, மேலே ஒரு கொடி என்று போட்டால் எனக்கும் கொட்டாவிதான் வரும். மீதிப் பாதிக்குப் பரமுப்பிள்ளையைக் கூப்பிடுகிறேன்.

‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யில் கோபாலன் என்று ஒரு இளைஞன் வருகிறான், கட்சிக்காரன், நல்லவன். அவனை வைத்து மட்டும் நாடகம் எழுதியிருந்தால் நீங்கள் சொன்னபடி துண்டறிக்கைதான் ஆகியிருக்கும். பாசி நடு மேடையில் உட்கார வைத்தது கோபாலனின் அப்பாவை. பரமுப்பிள்ளை பழைய தறவாட்டு நாயர், அதாவது பரம்பரைப் பெரிய வீட்டுக்காரர். வீட்டில் பெருமை நிறைய, காசு குறைவு. மகன் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்ட புலையர் சாதிக்காரர்களின் குடிசையில் உட்கார்ந்து பேசுகிறான் என்றால் வயிறு எரியும், கம்யூனிஸ்ட் என்ற சொல்லே ஆகாது. பக்கத்துப் பணக்காரர் கேசவன் நாயர்மேல் மட்டும் அவருக்கு ஒரு மரியாதை, நம்ம ஆள் என்று. அதே கேசவன் நாயர்தான் கள்ளப் பத்திரத்தால் நிலத்தைச் சுருட்டுகிறவர், புலையக் கூலிக்காரர் கறம்பனைக் குடிசையிலிருந்து கிளப்பப் பார்க்கிறவர், கடைசியில் பரமுப்பிள்ளையின் காலடி மண்ணுக்கே வந்துவிடுகிறவர். கிழவர் முரண்டு பிடிக்கிறார், புலம்புகிறார், மகனைத் திட்டுகிறார், நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கணக்குப் புரிய ஆரம்பிக்கிறது. மகனின் பேச்சு அவரை அசைக்கவில்லை. தன் நிலம், தன் கடன், தன் மானம் என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போவதுதான் அசைக்கிறது. நாடகத்தின் பெயரே அந்தக் கிழவர் வாயிலிருந்து வர வேண்டிய வாக்கியம்தானே. ‘நான் ஆகவில்லை, நீங்கள் ஆக்கிவிட்டீர்கள்’ என்று எதிராளியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. கடைசிக் காட்சியில் அவர் கொடியைக் கேட்டு வாங்கும்போது கட்சிக்காரரல்லாத ஆளும் கைதட்டுகிறார் என்றால், அது கொடிக்கு விழுந்த கைதட்டல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிடிவாதக் கிழவர் ஒரு வழியாக எழுந்து நின்றாரே, அதற்கு.

முதலில் பரமுப்பிள்ளையாக நடித்தவர் காம்பிசேரி கருணாகரன், பிற்காலத்தில் ‘ஜனயுகம்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தாரே, அவர்தான். பாட்டு ஓ.என்.வி. குறுப்பு, இசை ஜி. தேவராஜன், பாடியது கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும். அந்தப் பாட்டுக்கள் நாடகத்தை விட்டு இறங்கி வயல்வெளிக்கும் தோணிக்கும் போய்விட்டன. நான் இந்த நாடகத்தை மேடையில் பார்த்தபோது பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு அரை நொடி முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். இடைவேளையில் திரும்பிப் பார்த்தால் முன் வரிசையிலும் இரண்டு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாசியும் ஒரே நாளில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1937-லேயே கே. தாமோதரன் ‘பாட்டபாக்கி’ எழுதிவிட்டார், விவசாயிகள் மாநாட்டில் போடுவதற்கென்றே. குத்தகை பாக்கியில் ஒரு குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பது கதை. அதில் கோபம் இருந்தது, ஆனால் பரமுப்பிள்ளை இல்லை.

‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யைத் தடை செய்தார்களாமே, உண்மையா?
— வாசகர், போடி

உண்மை. 1953-ல் திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி, கேரளம் உருவாகும் முன் இருந்த மாநிலம்) அரசு தடை போட்டது. குழு அதை மீறி நடித்துக் கைதானது, பிறகு நீதிமன்றம் தடையை நீக்கியது. எந்தச் சட்டம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். வெள்ளைக்காரன் 1876-ல் கொண்டுவந்த நாடகச் சட்டத்தின் வாரிசுதான். வங்காளத்தில் அவுரி பயிரிட வற்புறுத்தப்பட்ட விவசாயிகளும் தேயிலைத் தோட்டக் கூலிகளும் பட்ட பாட்டை நாடகமாக எழுதியதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சட்டத்துக்கு வழி பண்ணியது. தோட்டத்தில் நடப்பதை வெளியில் சொல்லாதே என்பது அப்போதே ஆரம்பித்த கதை.

நம் பக்கமும் சளைத்ததில்லை. 1954-ல் சென்னை மாகாணத்தில் தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது, எம்.ஆர். ராதாவைக் குறிவைத்து என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது 2013-ல். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வருஷம் அது சட்டப் புத்தகத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தது.

மாலா கோபாலனைத்தானே நேசிக்கிறாள்? அவன் ஏன் பண்ணையார் மகள் சுமத்தைத் தேர்ந்தெடுக்கிறான்? கம்யூனிஸ்ட் நாடகத்திலும் புலையர் வீட்டுப் பெண்ணுக்குக் கொடி மட்டும்தானா?
— கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

வந்த கடிதங்களில் ரொம்பக் கூர்மையானது இதுதான். கதை தெரியாதவர்களுக்காக: கறம்பனின் மகள் மாலா, கூலி வேலை செய்கிறவள், இயக்கத்தில் முன்னால் நிற்கிறவள், கோபாலன்மேல் ஆசை வைத்திருக்கிறாள். அவனோ கேசவன் நாயரின் மகள் சுமத்தை விரும்புகிறான். மாலா வலியை விழுங்கிக்கொண்டு கட்சி வேலையைப் பார்க்கிறாள். கடைசியில் பரமுப்பிள்ளை கையில் போகிற கொடி அவள் கையிலிருந்துதான் போகிறது.

பாசிக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். 1952-ல் ஒரு புலையப் பெண்ணை மேடையின் நடுவில் நிறுத்தி, காதலிக்கவும் வருத்தப்படவும் உரிமை கொடுத்ததே அன்றைக்குப் பெரிய விஷயம். ஆனால் உங்கள் கேள்வியை அது மூடிவிடாது. பாசிக்கு உள்ளும் புறமும் தெரிந்த வீடு பரமுப்பிள்ளையின் வீடு. அந்த வீட்டுத் திண்ணை, அந்த வீட்டுப் பேச்சு, அந்த வீட்டுக் கோபம் எல்லாம் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. கறம்பனின் குடிசைக்குள் அவர் தலையைக் குனிந்து போயிருக்கலாம், ஆனால் அங்கே படுத்துத் தூங்கியவரின் எழுத்தாக எனக்குத் தெரியவில்லை. மாலா ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்தாள், அடுப்பில் என்ன இருந்தது, அப்பனிடம் என்ன சொன்னாள், எதுவும் நமக்குத் தெரியாது.

இதையேதான் சிவிக் சந்திரன் 1995-ல் ஒரு எதிர் நாடகமாகவே போட்டார். தலைப்பு: ‘நிங்ஙள் ஆரெ கம்யூனிஸ்டாக்கி’, நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்? பாசியின் பாத்திரங்களையே திரும்ப மேடைக்குக் கூட்டிவந்து, உயிரைக் கொடுத்தவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களுக்கும் கடைசியில் என்ன மிஞ்சியது என்று கேட்டது அது. பாசியின் மனைவி அம்மிணியம்மா பதிப்புரிமையை மீறிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 1996-ல் கேரள உயர் நீதிமன்றம், இது திருட்டு இல்லை, மூல நாடகத்தை விமர்சிப்பதற்காக அதிலிருந்து எடுத்துக்கொண்டது, அதற்கு இடம் உண்டு என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற தீர்ப்பு. ஒரு நாடகத்துக்குப் பதில் இன்னொரு நாடகம் எழுதுகிற அளவுக்கு அங்கே ஆட்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் நாடகம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து டீ குடிக்கப் போவதோடு சரி.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து மூணாறில் கொழுந்து பறிக்கிறோம். பாசி இவ்வளவு எழுதினாரே, தோட்டத்துத் தமிழர்களைப் பற்றி ஏன் நாடகம் இல்லை? எங்கள் கஷ்டம் கஷ்டம் இல்லையா?
— தோட்டத் தொழிலாளியின் மகன், மூணாறு

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் சுருக்கினேன் தம்பி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசியின் நாடகங்களுக்கு அடியில் ஓடுவது சமவெளி நிலம். ஆலப்புழை, கொல்லம் பக்கத்து வயல், குத்தகை, பாட்டம், குடிசை போட்ட மண். கறம்பனின் பிரச்சினை என்ன? குடியிருக்கிற துண்டு மண்ணிலிருந்து பண்ணையார் எப்போது வேண்டுமானாலும் கிளப்பலாம். அந்தப் பிரச்சினைக்கு, நாடகம் வந்து பதினேழு பதினெட்டு வருஷம் கழித்து, ஒரு சட்டப் பதில் கிடைத்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் முழுதாக அமலுக்கு வந்தபோது குத்தகைமுறை ஒழிந்தது, கறம்பனைப் போல அடுத்தவர் மண்ணில் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் கிராமத்தில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ள உரிமை வந்தது. அரைகுறைதான் என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும், ஏதோ கிடைத்தது.

அதே சட்டம் தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர்த் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, கம்பெனிக் கட்டிடம், அதில் குடியிருப்பவருக்கு அது வேலையோடு வந்த வீடு, வேலை போனால் வீடும் போகும். கறம்பனுக்குக் கிடைத்த 10 சென்ட் உங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறை அதே லயத்தில் பிறந்து வளர்ந்தாலும், ஓய்வுபெறுகிற வயது வந்ததும் வீட்டைக் காலி பண்ண வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளில் ஒருவர் படிப்பை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்க வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசியின் நாடகம் பார்த்துக் கைதட்டிய கேரளம், அந்த நாடகத்தின் முடிவு மலை ஏறி வரவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேர் போனபோது வெளியுலகம் முதல் தடவையாகக் கேட்டது, ஏன் இத்தனை குடும்பம் இப்படி ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிக் குடியிருக்கிறது என்று.

பாட்டு மட்டும் மலை ஏறியிருக்கிறது. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக, இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பண்ணைப்புரத்திலிருந்து போய்த் தோட்டம் தோட்டமாகப் பாடினார், அது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற கதை. தமிழ்ப் பாட்டு போன இடத்துக்குத் தமிழ் நாடகம் போகவில்லை. மலையாள நாடகக்காரருக்கு உங்கள் பேச்சு தெரியாது, சென்னை நாடகக்காரருக்கு உங்கள் ஊர் தெரியாது. கோமல் சுவாமிநாதன் 1980-ல் ‘தண்ணீர் தண்ணீர்’ போட்டாரே, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக் குடம் வரைக்கும் வந்துவிட்டார். அங்கிருந்து மலைக்கு யாரும் வரவில்லை.

சரி, எழுதினால் எப்படி எழுதுவது? இங்கே பரமுப்பிள்ளை உதவமாட்டார். அவருக்கு இழக்க ஒரு துண்டு நிலமாவது இருந்தது. எனக்கு ஞாபகம் வருவது ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892-ல் எழுதி முடித்த ‘நெசவாளர்கள்’. 1844-ல் சிலேசியாவில் கைத்தறி நெசவாளர்கள் கிளர்ந்ததுதான் கதை. கதாநாயகன் என்று ஒருவன் கிடையாது, கூட்டம்தான் கதாநாயகன். முதல் காட்சி முதலாளி வீட்டில். நெய்த துணியைக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள், குமாஸ்தா ஒவ்வொரு துணியாகப் புரட்டிப் பார்த்து இங்கே குறை, அங்கே குறை என்று காசைக் கழிக்கிறான், வரிசையில் நிற்கிற ஒரு பையன் பசியில் மயங்கி விழுகிறான். அவ்வளவுதான், யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. இதைப் படிக்கிறபோது எனக்கு ஜெர்மனி தெரியவில்லை, கொழுந்து நிறுக்கிற இடம்தான் தெரிந்தது. மழையில் நனைந்து அட்டைக் கடியோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்கள், தராசு முள், ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, முத்தின இலைக்கு இவ்வளவு கழிவு, நோட்டில் விழுகிற எண், அந்த எண்ணை எட்டிப் பார்க்கிற கழுத்து. அதை அப்படியே மேடையில் வையுங்கள், முதல் காட்சி முடிந்தது.

இரண்டாம் பாதி உங்கள் ஊரிலேயே நடந்துவிட்டது. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்குக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். கம்பெனியை எதிர்த்ததைவிட நாடகத்துக்கு ஏற்றது, சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையும், நீங்கள் எங்கள் பக்கம் இல்லை போங்கள் என்று விரட்டியது. 20 சதவீதத்தை வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ஆக்கச் சொன்னது நடக்கவில்லை, 301-ல் வந்து நின்றது. கொடி பிடிக்கிறவனே எதிரில் நிற்கிற மாதிரி ஒரு காட்சியை பாசி எழுதவில்லை, 1952-ல் எழுதியிருக்கவும் முடியாது. கொழிஞ்சாம்பாறைத் தங்கச்சி கேட்ட மாலா இருக்கிறாளே, கொடியை யாரிடமும் கொடுக்காமல் அவளே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் ஊர் நூலக ஆண்டு விழாவுக்குப் பாசியின் நாடகம் ஒன்றைத் தமிழில் போடலாம் என்று இருக்கிறோம். யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? செலவு கையைக் கடிக்காமல் இருக்க யோசனை சொல்லுங்கள் அண்ணே.
— வாசகர் வட்டத்து இளைஞர்கள், கம்பம்

வாங்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. பாசி இறந்தது 1992, ஆக 2052 முடிகிறவரை உரிமை உள்ளவர்களைக் கேட்காமல் மொழிபெயர்க்கக் கூடாது. அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் மேடையேற்றுவதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனாலும் தமிழாக்கத்துக்கு அனுமதி கேட்டுவிடுவதுதான் நல்லது. காயங்குளத்தில் கே.பி.ஏ.சி. அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு கடிதம் போட்டு யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். பதில் வர நாளாகும், விழாத் தேதியை அச்சடித்துவிட்டுக் கேட்காதீர்கள்.

ஆனால் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு 1952 வள்ளிகுன்னத்தை ஏன் போட வேண்டும்? விடியக்காலையில் உங்கள் தெருமுனையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப் நிற்கும். அதில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? மேடையில் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு போடுங்கள், ஜீப் ஆகிவிட்டது. மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, கால் வைக்க இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மலை ஏறுகிறபோது எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிய வேண்டும், அதற்கு மட்டும் நன்றாக ஒத்திகை பாருங்கள். வண்டி கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் நிற்கிறது. ஆள் அதிகம் என்று இரண்டு பேரை இறக்கிவிடச் சொல்கிறார்கள். யார் இறங்குவது? இறங்குகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. முக்கால் மணி நேர நாடகத்துக்கு அது போதும். பண்ணையாரும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், இறங்கமாட்டேன் என்று சொல்கிறவளுக்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும், இறங்கு என்று சொல்கிறவளுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் ஜீப்பில் போகிற அக்காமாரிடம் உட்கார்ந்து பேசுங்கள், ஒத்திகைக்கும் அவர்களையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். தப்பாக இருந்தால் முகத்துக்கு நேராகச் சிரித்துவிடுவார்கள், அதைவிட நல்ல டைரக்டர் கிடைக்கமாட்டார். செலவு பெஞ்சு வாடகையும் எல்லோருக்கும் டீயும்.

புரட்சி நாடகம் பார்த்து யாராவது திருந்தியிருக்கிறார்களா?
— வாசகர், செங்கோட்டை

பண்ணையார் திருந்தியதாகக் கேள்விப்பட்டதில்லை அண்ணாச்சி. பண்ணையாருக்குக் கும்பிடு போடுவதைச் சிலர் நிறுத்தியிருக்கிறார்கள்.

‘துலாபாரம்’ முதலில் வந்தது தமிழிலா மலையாளத்திலா? எங்கள் கடையில் பந்தயம் நடக்கிறது.
— வாசகர், பீர்மேடு

மலையாளம், 1968. வின்சென்ட் இயக்கினார். சாரதாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது அதற்குத்தான். தமிழில் 1969, அதுவும் வின்சென்ட்தான், அதிலும் சாரதாதான். அதே வருஷம் தெலுங்கில் ‘மனுஷுலு மாராலி’ என்று வந்தது, இந்திக்கும் போனது. மலையாளம் என்று சொன்னவர் ஜெயித்தார், தோற்றவர் கடையில் இருக்கிற எல்லோருக்கும் டீ சொல்லட்டும்.